சுங்கை சிப்புட்டில் உச்சி வெயில் ஒன்றேகால் மணிக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற நம் சுங்கை சிப்புட்டில் பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் திடலில் போய் நின்று பாருங்கள். சூரியன் தலைக்கு மேல் இருக்காது. இன்னும் கிழக்குப் பக்கம்தான் இருக்கும். நம் நிழல் மேற்கே விழுந்து கிடக்கும். உச்சிக்கு வர அதற்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் வேண்டும். "பன்னிரண்டு மணிக்குச் சூரியன் உச்சியில் இருக்கும்" என்று மனப்பாடம் செய்த பிள்ளை இதைக் கவனித்தால், பாடம் பொய்யா, கடிகாரம் பொய்யா என்று கேட்கத்தான் செய்யும். கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனால் பூமி, சூரியன், நிலா மூன்றைப் பற்றியும் ஆரம்பத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

நம் பிள்ளைகள் வானத்தைப் பற்றிப் பார்க்கும் படங்களில் பல, குளிர்நாட்டுக்காரர்களுக்காக வரைந்தவை. நான்கு பருவம், பனி, நிமிர்ந்து நிற்கும் பிறை. நாம் இருப்பதோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து பாகைக்கும் சற்றுக் குறைவான இடத்தில். நம் வானத்துக்கு ஒரு தனி நடை உண்டு. அதைப் பார்க்க டெலஸ்கோப் வேண்டாம். ஒரு குச்சி, ஒரு நாட்காட்டி, கொஞ்சம் பொறுமை போதும்.

சுழற்சியும் கடிகாரமும்

முதலில் கடிகாரக் கணக்கை முடித்துவிடலாம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகத் தன்னைத்தானே சுற்றுகிறது. நாமும் அதோடு கிழக்கே போவதால், சூரியன் கிழக்கே எழுந்து மேற்கே விழுவதாகத் தோன்றுகிறது. விண்மீன்கள் நகர்வதாகத் தெரிவதும் இதனால்தான் என்று ஆரியபட்டர் 5-ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே எழுதிவைத்தார். ஒரு முழுச் சுற்று 360 பாகை. அதை 24 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்த "ஒரு பாகைக்கு 4 நிமிடம்" என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியக் கடிகாரம் கிரீன்விச்சைவிட 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எட்டைப் பதினைந்தால் பெருக்கினால் 120. அதாவது நம் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. அந்த ரேகை மலேசிய மண்ணிலேயே இல்லை. சபாவின் கிழக்கு முனையையும் தாண்டிக் கடலில் போகிறது. சுங்கை சிப்புட் இருப்பது 101 பாகையில். வித்தியாசம் 19 பாகை. நான்கால் பெருக்கினால் 76 நிமிடம். நம் ஒன்றேகால் மணி வந்துவிட்டது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. தீபகற்பத்தின் கடிகாரம் முன்பு ஏழரை மணி நேரக் கணக்கில் ஓடியது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்று 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணியை நள்ளிரவு பன்னிரண்டாக மாற்றி, 1982-ஐ அரை மணி முன்னதாகவே தொடங்கினார்கள். சப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம் நடந்தது. அது இன்றைய நேரத்தைவிட இன்னும் ஒரு மணி நேரம் முன்னால். அப்போது சுங்கை சிப்புட்டில் உச்சி வேளை கடிகாரப்படி இரண்டேகால் மணி! சூரியன் அன்றும் இன்றும் ஒரே இடத்தில்தான் உச்சிக்கு வந்தது; மாறியது முள் மட்டும்.

இந்த அரை மணி மாற்றம் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குச் சாதாரண விஷயமாக இருந்திருக்காது. பால்மரம் வெட்டுவது, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுப்பது, குளிர்ந்த விடியற்காலை வேலை. இரவில் மரம் நீரை இழப்பது குறைவு. பட்டைக்குள் பால்குழாய்களின் அழுத்தம் கூடியிருக்கும். கோடு போட்டதும் பால் நன்றாக இறங்கி, அதைப் பிடிக்கும் மங்கு நிறையும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் போய், அந்த அழுத்தம் குறையும். ஆக, மரம் கேட்பது சூரியனின் நேரத்தை. பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்க, கூப்பிடுவது கடிகாரத்தின் நேரம். 1982-க்குப் பிறகு அதே ஆறு மணி முன்பைவிட அரை மணி அதிக இருட்டில் வந்தது. உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் மரம் வெட்டிய தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

உச்சி வேளை தினமும் அச்சாக 1.16-க்கே வருவதும் இல்லை. நவம்பர் முதல் வாரத்தில் ஒரு மணியை ஒட்டியே வந்துவிடும். பிப்ரவரி நடுவில் ஒன்றரை வரை தள்ளிப்போகும். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதும், சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமாக இல்லாததும் சேர்ந்து செய்கிற வேலை இது.

சரி, இவ்வளவு வேகமாகச் சுற்றினால் நமக்கு ஏன் தெரியவில்லை? நம் ஊர் மணிக்கு ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. வேகம் சீராக இருக்கிறது; காற்றும் மரமும் வீடும் கூடவே வருகின்றன. உடம்புக்கு உறைப்பது வேகம் கூடுவதும் குறைவதும்தான். சீரான வேகத்தை உடம்பு உணராது.

மைலோ டின்னில் ஒரு குச்சி

இப்போது குச்சிக்கு வருவோம். காலியான பெரிய மைலோ டின் ஒன்றில் மணலை நிரப்பி, நேரான ஒரு குச்சியை நட்டு வையுங்கள். தரையிலிருந்து குச்சியின் நுனி ஒரு மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். இடம் சமமான சிமெண்டுத் தரையாக இருந்தால் நல்லது. பன்னிரண்டே முக்காலிலிருந்து ஒன்றே முக்கால் வரை, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸால் ஒரு புள்ளி. நிழல் குறுகிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று, திரும்ப நீளத் தொடங்கும். மிகக் குறுகிய நிழல் விழுந்த கோடுதான் உண்மையான வடக்கு-தெற்கு. கைப்பேசியின் திசைகாட்டி பக்கத்தில் இரும்பு இருந்தால் தடுமாறும். இது தடுமாறாது.

இதைப் பிள்ளைகளோடு டிசம்பர் பள்ளி விடுமுறையில் செய்யுங்கள். அப்புறம் ஜூனில் ஒரு தடவை செய்யுங்கள். டிசம்பர் 21-ஐ ஒட்டி உச்சி நிழல் வடக்கே சுமார் 54 சென்டிமீட்டர் இருக்கும். ஜூன் 21-ஐ ஒட்டி அதே குச்சியின் நிழல் தெற்கே 34 சென்டிமீட்டர் இருக்கும். திசையே மாறிவிடும். லண்டனில் ஆயுள் முழுக்க இருந்தாலும் உச்சி நிழல் தெற்கே விழுவதைப் பார்க்க முடியாது. வெப்ப மண்டலத்தில் பிறந்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கிற காட்சி இது.

காரணம் பூமியின் சாய்வு. பூமி சுழலும் அச்சு, சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நேர் செங்குத்தாக இல்லை, 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. வருடம் முழுக்க அந்த அச்சு விண்வெளியில் ஒரே பக்கத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் பாதையின் ஒரு பக்கத்தில் வட அரைக்கோளம் சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும், ஆறு மாதம் கழித்து மறுபக்கத்தில் தென் அரைக்கோளம் சாய்ந்திருக்கும். ஜூனில் சூரியன் நேர் மேலே நிற்கும் இடம் வடக்கே 23.4 பாகை, டிசம்பரில் தெற்கே 23.4 பாகை. இரண்டுக்கும் இடையில் போகவும் வரவும் அது நம் ஊரைக் கடந்தாக வேண்டும்.

கடக்கிற நாட்கள் இரண்டு: ஏப்ரல் 2-ஐ ஒட்டி ஒன்று, செப்டம்பர் 10-ஐ ஒட்டி ஒன்று. அன்று ஒன்றேகால் மணி வாக்கில் குச்சிக்கு நிழலே இருக்காது. மேகம் மூடிவிட்டால் கவலை வேண்டாம். முதல் நாளோ மறுநாளோ பார்க்கலாம். ஒரு நாளைக்கு நிழல் நுனி 7 மில்லிமீட்டர்தான் நகரும். சென்னையில் இந்த நிழலில்லா நாள் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் வரும். நாம் பூமத்திய ரேகைக்கு இன்னும் கிட்ட இருப்பதால் நமக்கு வேறு தேதி.

அந்த நாளில் ஜொகூர் பாருவில் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் ஒரு மீட்டர் குச்சி நடச் சொல்லுங்கள். அங்கே உச்சி வேளை நமக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். நமக்கு நிழல் இல்லாத அன்று, அவர்கள் குச்சிக்குத் தெற்கே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிழல் விழும். கோணத்தில் சொன்னால் 3.3 பாகை. இந்தச் சின்ன நிழலில் பூமியின் அளவே இருக்கிறது. 3.3 பாகை என்பது முழு வட்டத்தில் ஏறக்குறைய 108-இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் நேர் வடக்கு-தெற்குத் தூரம் வரைபடத்தில் 370 கிலோமீட்டர் சொச்சம். பெருக்குங்கள்: ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு அதுதான். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தின் இரண்டு ஊர்களை வைத்துப் போட்ட கணக்கும் இதே வகைதான். பூமி தட்டை என்று யூடியூப்பில் பார்த்துவிட்டு வருகிற பிள்ளையோடு வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை. ஜொகூர் பாருவுக்கு ஒரு வாட்சாப் செய்தி அனுப்பச் சொன்னால் போதும்.

நமக்கு ஏன் கோடை, குளிர் இல்லை என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ஜூனானாலும் டிசம்பரானாலும் உச்சிச் சூரியன் நமக்கு 30 பாகைக்கு மேல் சாய்வதில்லை. பகலின் நீளமும் பெரிதாக மாறுவதில்லை: ஜூன் கடைசியில் 12 மணி 24 நிமிடம், டிசம்பர் கடைசியில் 11 மணி 50 நிமிடம். லண்டனில் ஜூன் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும், டிசம்பர் பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. பூமி சூரியனுக்குக் கிட்டப் போனால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், 147 மில்லியன் கிலோமீட்டரில். மிகத் தூரம் போவது ஜூலை முதல் வாரத்தில், 152 மில்லியனில். ஐரோப்பா பனியில் நடுங்கும்போதுதான் சூரியன் மிகக் கிட்ட இருக்கிறது.

பொங்கல் அன்றும் குச்சியை வைத்துப் பாருங்கள். தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்கிறோம். ஆனால் குச்சி வேறு சொல்லும்: டிசம்பர் 21-இல் 54 சென்டிமீட்டர் இருந்த நிழல் பொங்கலன்று 49-க்கு வந்திருக்கும். சூரியன் வடக்கே திரும்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் முன்னோர் தப்பாகப் பார்த்தார்கள் என்று அவசரப்பட வேண்டாம். பூமியின் அச்சு காட்டும் திசை மிக மெதுவாக விலகிக்கொண்டே போய், ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 26,000 ஆண்டு ஆகிறது. விண்மீன்களை வைத்துக் கணக்கிடும் நம் நாட்காட்டியும், சாய்வை வைத்து வரும் பருவமும் இதனால் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பிரிகின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் இருந்தன.

பௌர்ணமிகளை வரிசையாகப் பாருங்கள்

பூமி சூரியனைச் சுற்றி வருகிறது, ஒரு சுற்றுக்கு 365 நாளும் கிட்டத்தட்ட கால் நாளும் ஆகிறது என்பதை எல்லோரும் படித்திருப்போம். ஆனால் அதைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். அதைக் காட்டும் அட்டவணை நம் கோயில் நாட்காட்டியிலேயே இருக்கிறது. இந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பௌர்ணமி அன்று நிலா சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும். மாலையில் சூரியன் மேற்கே இறங்கும்போது நிலா கிழக்கே ஏறும். நிலா எந்த விண்மீன்களுக்குப் பக்கத்தில் நிற்கிறதோ, அவை சூரியனுக்கு எதிர்த் திசையில் இருக்கின்றன என்று பொருள். இப்போது வரிசையாகப் பாருங்கள். கார்த்திகை மாதத்துப் பௌர்ணமி கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டி, தை மாதத்தில் பூசத்தை ஒட்டி, அதுதான் தைப்பூசம், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம், சித்திரையில் சித்திரை, வைகாசியில் விசாகம். நிலா ஒவ்வொரு மாதமும் வேறொரு விண்மீன் கூட்டத்தில் போய் முழுமை அடைகிறது. ஏன் ஒரே இடத்தில் முழுமை அடைவதில்லை?

பூமி நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையில் 29.5 நாள். அதற்குள் பூமி சூரியனைச் சுற்றி ஏறக்குறைய 29 பாகை போய்விடுகிறது. சூரியனுக்கு எதிர்த் திசையும் அதே 29 பாகை திரும்பிவிடுகிறது. ஆக, பத்துமலைக்குக் காவடி எடுத்துப் போகிற இரவிலும், பங்குனி உத்திரத்துக்கு ஊர்க் கோயிலில் தேர் இழுக்கிற இரவிலும், வெவ்வேறு விண்மீன்களின் பக்கத்தில் முழு நிலாவைப் பார்க்கிறோம் என்றால், பூமி தன் பாதையில் போயிருக்கும் தூரத்தைப் பார்க்கிறோம். பன்னிரண்டு பௌர்ணமி முடிந்தால் ஏறக்குறைய ஒரு சுற்று. அந்தச் சுற்றின் நீளம் 940 மில்லியன் கிலோமீட்டர். பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வீதம் ஓடி அதை முடிக்கிறது.

நிலா தன் பங்குக்குப் பூமியைச் சுற்ற எடுப்பது 27.3 நாள்தான். 27 நட்சத்திரக் கணக்கு அதிலிருந்து வந்ததே: ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரம். அப்படியானால் பௌர்ணமிக்கு ஏன் 29.5 நாள்? நிலா ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமி நகர்ந்துவிடுவதால், சூரியனுக்கு நேர் எதிரே வர நிலா இன்னும் இரண்டு நாள் சொச்சம் ஓட வேண்டியிருக்கிறது.

மரவெட்டுக்காரர்கள் பார்த்த நிலா

நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. சூரிய ஒளி அதன் ஒரு பாதியில் எப்போதும் விழுகிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் தெரிகிறது என்பதுதான் பிறை, அரை, முழு. இதில் பெரியவர்களே தடுமாறுவது ஓர் இடத்தில்: பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று நினைக்கிறார்கள். பூமியின் நிழலுக்கும் தேய்பிறைக்கும் சம்பந்தமே இல்லை. பூமியின் நிழல் நிலாவில் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டும்.

பிறை எங்கே, எந்த நேரத்தில் தெரிகிறது என்று பார்த்தாலே இது விளங்கும். அமாவாசைக்குப் பின் இரண்டாம் மூன்றாம் நாள், சூரியன் மறைந்ததும் மேற்கே மெல்லிய வளர்பிறை. எட்டாம் நாள் வாக்கில், மாலை ஏழு மணிக்கு அரை நிலா உச்சியில். பௌர்ணமியன்று ஏழு ஏழரைக்குக் கிழக்கே உதித்து, இரவு ஒன்றேகால் வாக்கில் உச்சிக்கு வந்து, காலை ஏழரையை ஒட்டி மறையும். அதன்பின் தினமும் சுமார் 50 நிமிடம் தாமதம். நெற்றி விளக்கோடு இருட்டில் பால்மர நிரைக்குள் போகிற மரவெட்டுக்காரர், அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு, ஐந்து மணி வாக்கில் கிழக்கே தித்திவங்சா மலைக்கு மேல் மெல்லிய தேய்பிறையைப் பார்த்திருப்பார். அதே பிறையைக் காலை எட்டு மணிக்கு எழுகிறவர் வருடம் முழுக்கப் பார்க்க மாட்டார்.

"வலப்பக்கம் ஒளி இருந்தால் வளர்பிறை" என்றொரு விதி உண்டு. அது நமக்குச் சரிப்படாது. நம் ஊரில் பிறை படகு போலக் கிடையாகத் தெரியும். சூரியன் இங்கே சாய்ந்து இறங்காமல் கிட்டத்தட்ட நேர்குத்தாக இறங்குகிறது. நிலாவும் ஏறக்குறைய அதே பாதையில் பின்னால் வருவதால், மறைந்த சூரியனுக்கு நேர் மேலே நிற்கிறது. ஒளி கீழிருந்து விழுகிறது. கீழ் விளிம்புதான் மின்னும். சில மாதங்களில் வடக்கே கொஞ்சம், சில மாதங்களில் தெற்கே கொஞ்சம் சாயும், ஆனால் குளிர்நாட்டுப் படங்களில் இருப்பதுபோல நிமிர்ந்து நிற்காது. சிவன் சடையில் கிடக்கும் பிறையைப் பாருங்கள். நம் பக்கத்துப் பிறை அதுதான். நமக்கு விதி எளிது: மாலை மேற்கே கண்டால் வளர்பிறை, விடியலில் கிழக்கே கண்டால் தேய்பிறை.

நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டும். அதனால் அது சுழலவே இல்லை என்று தோன்றும். கோயிலில் பிரகாரம் சுற்றும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். சந்நிதி எப்போதும் நம் வலப்பக்கமே இருக்கும். ஆனால் முதலில் மேற்கே பார்த்து நடந்தவர், அப்புறம் வடக்கே, கிழக்கே, தெற்கே என்று திரும்பித் திரும்பி, ஒரு சுற்று முடியும்போது தாமும் ஒரு முறை முழுதாகச் சுழன்றிருப்பார். நிலாவும் அப்படித்தான். ஒரு முறை பூமியைச் சுற்றும் நேரத்தில் தானும் ஒரு முறை சுழல்கிறது. மறுபக்கத்தை மனிதர் முதலில் பார்த்தது 1959-இல், சோவியத் யூனியனின் லூனா 3 விண்கலம் அனுப்பிய படத்தில்.

மலேசியாவில் இருப்பவர்களுக்கு நிலாக் கணக்கு இன்னும் கூடுதலாகவே கைவசம் இருக்கிறது. நம் தீபாவளி அமாவாசையை ஒட்டி. சீனப் புத்தாண்டு அமாவாசை நாளில். சீனர்களின் விளக்குத் திருவிழாவான தங்லுங் விழா பௌர்ணமியில். நோன்புப் பெருநாள் அமாவாசைக்குப் பின் முதல் பிறையை வைத்து; அதைப் பார்க்கப் போர்ட்டிக்சன் பக்கம் தெலுக் கெமாங் போன்ற இடங்களில் அதிகாரிகள் கூடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் 354 நாள். சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. இஸ்லாமிய நாட்காட்டி அந்த 11 நாளை ஈடுகட்டுவதில்லை, அதனால் நோன்பு ஆண்டுதோறும் முன்னே நகர்கிறது. சீன நாட்காட்டி இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு மாதத்தைக் கூட்டிச் சமன் செய்கிறது. நாம் தீபாவளியைச் சூரிய மாதமான ஐப்பசியில் கட்டிப் போட்டிருக்கிறோம். 2005-இல் தீபாவளி நவம்பர் 1, நோன்புப் பெருநாள் நவம்பர் 3. 2006-இல் அக்டோபர் 21-உம் 24-உம். அமாவாசையை ஒட்டி ஒன்று, பிறையை ஒட்டி ஒன்று என்பதால் இரண்டும் அடுத்தடுத்தே வந்தன. 33 ஆண்டுக்கு ஒரு முறை இந்தச் சுற்று திரும்பும். 2030-களின் பின்பாதியில் மறுபடியும் இரண்டு வீட்டுப் பலகாரமும் ஒரே வாரத்தில் கிடைக்கும்.

கடலோரத் தோட்டக்காரர்கள் நிலாவைத் தண்ணீரில் பார்ப்பார்கள். பாகான் டத்தோ பக்கம் கடல் நீர் புகாமல் மண்கரை கட்டி வைத்திருப்பது பெரிய அலையேற்றத்துக்குப் பயந்துதான். நிலாவின் ஈர்ப்பு கடலை இழுக்கிறது. சூரியனின் பங்கு அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் சேர்ந்து இழுப்பதால் அந்த நாட்களை ஒட்டி நீர் கூடுதலாக ஏறும்.

கிரகணம்

சூரியனின் விட்டம் 1.39 மில்லியன் கிலோமீட்டர், நிலாவினுடையது 3,474 கிலோமீட்டர். சூரியன் 400 மடங்கு பெரியது. ஆனால் அது இருப்பது 150 மில்லியன் கிலோமீட்டரில். நிலா 384,400 கிலோமீட்டரில். தூரமும் ஏறக்குறைய 400 மடங்கு. அதனால் வானத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன, நிலாவால் சூரியனை மூட முடிகிறது.

அமாவாசைதோறும் நிலா சூரியன் பக்கம் வருகிறதே, மாதம் ஒரு கிரகணம் ஏன் இல்லை? நிலாவின் பாதை பூமியின் பாதையோடு 5 பாகை சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான அமாவாசைகளில் நிலா சூரியனுக்குச் சற்று மேலாகவோ கீழாகவோ கடந்துவிடும். இரண்டு பாதையும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் பக்கத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால்தான் கிரகணம். அந்த வெட்டும் புள்ளிகளைத்தான் நம் பஞ்சாங்கம் ராகு, கேது என்கிறது.

நிலாவின் தூரமும் ஒரே மாதிரி இல்லை. சுமார் 356,000 கிலோமீட்டரிலிருந்து 407,000 வரை போகும். தூரத்தில் இருக்கும்போது சிறிதாகத் தெரிவதால் சூரியனை முழுதாக மூடாது, ஓரத்தில் வளையம் மிஞ்சும். 2019 டிசம்பர் 26-இல் ஜொகூரின் தஞ்சோங் பியாயில் பார்த்தது அந்த வளையம்; பேராக்கில் நமக்குப் பகுதி கிரகணம். சந்திர கிரகணத்துக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை, நிலா தெரிகிற எல்லா ஊரிலும் தெரியும். 2025 செப்டம்பர் 8 அதிகாலை ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணிக்குச் சற்று முன்வரை நிலா முழுதாகப் பூமியின் நிழலுக்குள் இருந்தது. அப்போது அது செம்பு நிறமாகத் தெரிவது, பூமியின் காற்றுமண்டலம் சிவப்பு ஒளியை வளைத்து நிலா மேல் விழச் செய்வதால்தான். அதை வெறும் கண்ணால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், யாரும் பார்க்கலாம், கர்ப்பிணிப் பெண்களும்தான்.

சூரிய கிரகணம் அப்படி இல்லை. 2031 மே 21 பிற்பகலில் ஒரு வளைய கிரகணம் வருகிறது. அதன் பாதை மதுரைப் பக்கத்தையும் இலங்கையின் வடக்கையும் கடந்து மலேசியாவுக்கு வரும். இன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம். பார்க்கக் கிரகணத்துக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும், அல்லது வெல்டிங் பட்டறையில் கிடைக்கும் 14-ஆம் எண் கண்ணாடி. எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடித் துண்டு, வெயில் கண்ணாடி, வாளித் தண்ணீர் எதுவும் கூடாது. கண் கருகும்போது வலிக்காது என்பதுதான் இதில் ஆபத்து. கண்ணாடி கிடைக்காவிட்டால் ஓர் அட்டையில் ஊசியால் துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியாக விழும் உருவத்தை இன்னொரு வெள்ளை அட்டையில் பாருங்கள்.